உறக்கம் மறந்த திராட்சைக் கொடி

நம் திருவண்ணாமலை ரமணாசிரமத்து வாசலைத் தொட்டுப் போகும் செங்கம் சாலையில் புறப்பட்டு, கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூரையும் தாண்டினால் நந்தி மலை. அதன் அடிவாரத்தில் பிரெஞ்சு ஒயின் திராட்சையை விளைவித்தே தீருவது என்று 1980களில் இறங்கினார் கன்வல் குரோவர் என்ற தொழிலதிபர்.

அது லேசான காரியமல்ல. பிரான்சில் பனிக்காலம் வந்தால் கொடி இலையுதிர்த்து உறங்கிவிடும், வசந்தத்தில் துளிர்க்கும். நம் வெயிலில் அதற்கு உறக்கமே கிடையாது. விட்டால் ஆண்டு முழுக்கத் தழைத்துக்கொண்டே போகும். மழையில் பழுக்கும் குலையோ அழுகும், இனிப்பும் ஏறாது. அதனால் இங்கே கவாத்து ஆண்டுக்கு இரண்டு முறை: கோடையில் வெட்டுவது கிளை முற்ற, மழை ஓயும்போது வெட்டுவது காய் பிடிக்க. அறுவடை ஒன்றே ஒன்று, மழையில்லாத மாதங்களில்.

ஷாம்பெயின் வட்டாரத்து வல்லுநர் ஜார்ஜ் வெசலைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பல ரகங்களை நட்டுப் பார்த்துக் கழித்தார் குரோவர். ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இரவில் இறங்கும் குளிர்தான் பழத்தின் புளிப்பைக் காத்தது. 1988இல் அவரது நிறுவனம் உருவானது. பிறகும் அவர் திருப்தியடையவில்லை. 1990களில் போர்தோவின் புகழ்பெற்ற நிபுணர் மிஷேல் ரோலானையே ஆலோசகராக வரவழைத்தார். கேபர்னே சோவினியோன், ஷிராஸ் ரகங்கள் கலந்த அந்நிறுவனத்தின் ‘லா ரிசர்வ்’ ஒயின் வெளிநாட்டு வல்லுநர்களிடமும் பாராட்டுப் பெற்றது.