விரலசைவில் வெளிப்பட்ட விதி

நடத்தல், எறிதல் போன்ற எளிய செயல்களில்கூடப் பல தசைகளும் மூட்டுகளும் ஒரே வேளையில் ஈடுபடுகின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் மூளை தனித்தனியே ஆணையிடுகிறது என்னும் விளக்கத்தை முதலில் வலுவாக ஐயுற்றவர்களுள் சோவியத் உடலியங்கியலாளர் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன் குறிப்பிடத்தக்கவர். 1920களில் மாஸ்கோவில் சுத்தியல் அடிக்கும் தொழிலாளரைப் படம்பிடித்து ஆராய்ந்த அவர், தேர்ந்த தொழிலாளியின் சுத்தியல் இலக்கில் தவறாமல் விழுந்தாலும், கை மூட்டுகளின் அசைவு அடிக்கு அடி மாறுபடுவதைக் கண்டார். உறுப்புகள் தமக்குள் பிணைந்து, ஒன்றின் பிறழ்வை மற்றொன்று ஈடுசெய்கின்றன என்பதே இதன் பொருள்.

அந்தப் பிணைப்புக்குக் கணித வடிவம் கிடைக்க மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தில் ஸ்காட் கெல்சோ நடத்திய சோதனை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. இரு சுட்டுவிரல்களையும் ஒருசேர இடமும் வலமுமாக ஆட்டத் தொடங்கி, தாளத்தை மெல்ல மெல்ல விரைவாக்கினால், ஒரு கட்டத்தில் விரல்கள் தாமாகவே மாறி, ஒன்றையொன்று நெருங்கியும் விலகியும் ஆடத் தொடங்குகின்றன. பின்னர் வேகத்தைக் குறைத்தாலும் பழைய முறை தானாகத் திரும்புவதில்லை. முதல் முறையில் இரு கைகளின் ஒத்த தசைகள் மாறி மாறிச் சுருங்குவதால் அது எதிர்நிலை ஆட்டம் எனவும், இரண்டாவதில் அவை சேர்ந்தே சுருங்குவதால் ஒத்தநிலை ஆட்டம் எனவும் அழைக்கப்படும்.

லேசர் ஒளியை ஆராய்ந்த ஸ்டுட்கார்ட் இயற்பியலாளர் ஹெர்மன் ஹாக்கன், கெல்சோ, ஆய்வாளர் புன்ஸ் ஆகிய மூவரும் 1985இல் இதற்கு ஒரு சமன்பாடு தந்தனர். காலப்போக்கில் ஓர் அமைப்பின் நிலை எவ்வாறு மாறுகிறது என்பதைக் கணிதத்தால் விவரிக்கும் இயங்கமைப்புக் கோட்பாட்டின்படி, மெதுவான தாளத்தில் இரு ஆட்டங்களும் இரு பள்ளங்களைப் போல அசைவைத் தம்மிடம் ஈர்த்து நிறுத்துகின்றன. வேகம் கூடும்போது எதிர்நிலைப் பள்ளம் ஆழம் குறைந்து, இறுதியில் மறைந்துவிடுகிறது. மறைவதற்குச் சற்று முன் அசைவில் தடுமாற்றம் பெருகும் எனக் கோட்பாடு முன்னுரைத்தது; அளவீடுகள் அதை உறுதிசெய்தன. ஆகவே தடுமாற்றத்தை வெறும் பிழை என்று ஒதுக்காமல், மாற்றத்தின் முன்னறிகுறியாகக் காண்பதற்கு இங்கே வழி பிறந்தது.

இந்த விதி ஓர் உடலுக்குள் அடங்கிவிடவில்லை என்பதுதான் இத்துறையின் ஆகப் பெரிய கண்டுபிடிப்பு எனலாம். அருகருகே அமர்ந்து, ஒருவர் காலை மற்றவர் பார்த்தபடி தத்தம் காலை ஆட்டிய இருவரிடமும் அதே திடீர் மாற்றம் நிகழ்வதை ரிச்சர்ட் ஷ்மிட், கிளாடியா கரெல்லோ, மைக்கேல் டர்வி ஆகியோர் 1990இல் காட்டினர். அவ்விருவரையும் பிணைக்கும் நரம்பு எதுவும் இல்லை. பார்வை ஒன்றே போதுமானதாயிற்று.

துடுப்புப் படகுப் போட்டி இந்த விதியைச் சோதிக்க ஏற்ற களம். வீரர்கள் நகரும் இருக்கையில் ஒருசேர முன்னும் பின்னும் செல்வதால் படகின் வேகம் ஒவ்வொரு முறை துடுப்பு வலிக்கும்போதும் ஏறி இறங்குகிறது. நீரின் எதிர்ப்பு வேகத்தைவிட விரைவாகப் பெருகுவதால் உழைப்பில் ஒரு பகுதி வீணாகிறது. மாறி மாறி வலித்தால் அந்த ஏற்றஇறக்கம் தணியும். ஆனால் வேகம் கூடும்போது ஆட்டம் ஒத்தநிலைக்குச் சரிந்துவிடாதா என்ற ஐயம் எழுவது இயல்பு. நெதர்லாந்து ஆய்வாளர்கள், இணைக்கப்பட்ட துடுப்புப் பயிற்சிக் கருவிகளில் இணைகளை மாறி மாறி வலிக்கச் செய்து 2013இல் வெளியிட்ட முடிவுகளின்படி, பெரும்பாலான இணைகள் விரைவான தாளத்திலும் அம்முறையைக் காத்துக்கொண்டன. வீணாகும் ஆற்றலும் குறைந்தது. ஆயினும் அது ஆய்வகக் கருவிகளில் கிடைத்த முடிவு; சர்வதேசப் போட்டிகளில் படகுகள் இன்றும் ஒருசேரவே வலிக்கப்படுகின்றன.