சூலூர்த் தட்டும் ஐம்பது சொற்களும்

கோவையை அடுத்த சூலூர் மண்ணில் கிடைத்த ஒரு மண்தட்டைப் பார்க்க ஆசைப்பட்டால் சூலூருக்கு வந்து பயனில்லை. லண்டனுக்குத்தான் போக வேண்டும். பெருங்கற்காலப் புதைகுழி ஒன்றிலிருந்து எடுத்த அந்தத் தட்டு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் கீறியுள்ள குறிகள் அரப்பாவில் கிடைத்த வில்லை ஒன்றின் எழுத்துகளை வியக்கத்தக்க அளவு ஒத்திருப்பதாகக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 2007-இல் எழுதினார். அந்த ஒப்புமையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது அறிஞர்கள் பேசித் தீர்க்க வேண்டிய சங்கதி. என் கவலை வேறு. சூலூர் பஸ் ஸ்டாண்டில் சோமனூர் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவரிடம் இந்தச் செய்தியை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

அதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. அமெரிக்காவில் வரலாறு படித்து முனைவர் பட்டம் வாங்கியவர்களுக்குக் கல்லூரி வேலை கிடைக்காமல் போன 1970-களில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் ராபர்ட் கெல்லி என்ற பேராசிரியர் 1976-இல் இதை முதுநிலைப் படிப்பாகத் தொடங்கினார். வகுப்பறைக்கு வெளியே, அருங்காட்சியகத்திலும் ஆவணக் காப்பகத்திலும் ஊராட்சியிலும் வரலாற்றைக் கையாளும் ஆட்களை உருவாக்குவது நோக்கம். தமிழில் ‘பொது வரலாறு’ என்கிறார்கள். பெயர் அவ்வளவு பொருத்தமில்லை. பொது அறிவு வினாவிடைப் புத்தகம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

நம் நாட்டில் இதற்கு நெருங்கிய உறவு அருங்காட்சியகவியல். பரோடா பல்கலைக்கழகத்தில் 1952-லேயே துறை வந்துவிட்டது; கல்கத்தாவில் 1959-இல். தமிழ்நாட்டுக்குள்ளேயே படிக்க வேண்டுமென்றால் மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு இருக்கிறது. கல்வெட்டு வாசிக்கவும் கற்றுத் தருவார்கள். மில், பவுண்டரி, விசைத்தறி என்று பிழைப்பைக் கண்ட கொங்கு வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள். “ஏங்கண்ணு, மியூசியத்துல வேலைன்னா வாட்ச்மேன் வேலையா?” என்று அம்முச்சி கேட்பாள். கேள்வியில் தப்பில்லை. பார்வையாளர் கண்ணில் படும் ஒரே ஊழியர் அவர்தானே!

மீதி ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள். வந்த பொருளுக்கு எண் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றுவது முதல் வேலை. எப்போது, எங்கே, யாரிடமிருந்து வந்தது என்ற வரி விட்டுப்போனால் ஆயிரம் ஆண்டுப் பானையும் வெறும் பானைதான். ஓட்டுத்துண்டில் எண்ணை நேராக எழுதக் கூடாது. முதலில் தெளிவான பூச்சு ஒரு கோடு, அதன்மேல் மசி, மறுபடி பூச்சு. நாளைக்கு அழிக்க நேர்ந்தால் பொருளுக்குச் சேதமில்லாமல் வர வேண்டும். வெண்கலத்தில் பச்சைப் பொடி பூத்தால் அதை அழகு என்று விட்டுவிடாமல் ஈரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். உப்பு உள்ளே உட்கார்ந்துகொண்டு உலோகத்தை அரிக்கும். சிறப்பு ஒன்றுமில்லாத, முதுகு வலிக்கும் வேலை. எனக்கென்னவோ வரலாற்றுப் பட்டதாரிகளுக்கு முதல் ஆறு மாதம் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பொருள்மேல் மரியாதை வரும், பெரிய பெரிய வாக்கியங்களும் குறையும்.

படிப்பின் உண்மையான பரீட்சை விளக்க அட்டை. காட்சிப் பொருளுக்கு அடியில் ஐம்பது சொற்கள். நின்று படிப்பவர் அதற்குமேல் படிக்க மாட்டார். சூலூரிலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1942 ஆகஸ்டில், ‘வெள்ளையனே வெளியேறு’ கொந்தளிப்பின் நடுவே, இங்கே போர்க்காலத்தில் எழுந்துகொண்டிருந்த விமான தளத்துக்குத் தீ வைத்தார்கள். பிடிபட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். இன்று அதே சூலூரில் இருப்பது இந்திய விமானப்படைத் தளம். அட்டையில் என்ன எழுதுவீர்கள்? ‘நாசவேலை’ என்பது வெள்ளைக்கார போலீஸின் சொல். ‘தியாகம்’ என்பது சுதந்திரத்துக்குப் பின் வந்த சொல். அன்று ஊரில் இருந்தவர்கள் வீட்டுக்குள் என்ன சொன்னார்கள்? எரிந்த கொட்டகையில் கூலிக்குப் போனவரின் வேலை என்ன ஆயிற்று? அரசு ஆவணம் இதைச் சொல்லாது. ஒரு திண்ணையில் உட்கார்ந்து, ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டு, பேசாமல் கேட்க வேண்டும். அந்தத் தலைமுறை ஏறக்குறைய போய்விட்டது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கேட்டு வைத்திருக்கும் கதைதான் மிச்சம். அதிலும் எது நடந்தது, எது பிறகு வளர்ந்தது என்று பிரிக்கத் தெரிய வேண்டும்.

பக்கத்துச் சின்னியம்பாளையமும் அப்படித்தான். மில் தொழிலாளர் நால்வரை 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். ஆண்டுதோறும் செங்கொடி ஏற்றி நினைவுகூர்கிறவர்கள் இருக்கிறார்கள். அவினாசி ரோட்டில் காரில் போகிறவர்களுக்கு அது வேகம் குறைக்க வேண்டிய ஓர் ஊர்.

பட்டயம் எதுவும் இல்லாமலே இந்த வேலையைச் செய்தவர்கள் கொங்கில் உண்டு. தமிழாசிரியரான புலவர் செ. இராசு ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டும் செப்பேடும் ஓலையும் தேடியவர். அரச்சலூர் இசைக் கல்வெட்டை வெளியே கொண்டுவந்தவரும் அவரே. 2023-இல் மறைந்தார். நொய்யலோரக் கொடுமணலில் அகழ்ந்தெடுத்த மணிகளைப் பற்றி இன்று உலகம் பேசுவதற்கு முன்னால், இப்படிச் சிலர்தான் அந்த மண்ணைக் குனிந்து பார்த்தார்கள். வெள்ளலூரில் 1842-இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட உரோம வெள்ளிக் காசுகள் கிடைத்தபோதும் குனிந்தவர்கள் உண்டு. காசு ஊரில் தங்கவில்லை.

கோவை வன வளாகத்தில் 1902-லிருந்து காஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் வருவார்கள். மரத்தின் குறுக்குவெட்டில் வளையங்களை விரலால் எண்ணத் தொடங்கி, பாதியில் கணக்குத் தப்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்கள். சூலூர்த் தட்டின் ஒரு நகலை, அது இப்போது எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்ற ஐம்பது சொற்களோடு, சூலூர்ப் பள்ளி ஒன்றில் வைக்க எவ்வளவு செலவாகும்? ஒரு குயவர், ஒரு கண்ணாடிப் பெட்டி, அந்த அட்டையை எழுதத் தெரிந்த ஒரு பெண்ணோ பையனோ.