பாட்டரியின் நோயும் மருந்தும்

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்து மழைநாள் ஒன்றில், விடியற்காலை நான்கு மணிக்கு என் தாயாருக்கு மூச்சுத் திணறல் உண்டாயிற்று. மருத்துவமனை மூன்று கிலோமீட்டர் தொலைவில்தான் இருந்தது. வாசலில் என் சிறிய கார் நின்றது. சாவியைத் திருப்பினேன். ‘டக், டக், டக்’ என்ற ஒலி மட்டுமே எழுந்தது. விளக்குகள் மங்கின, எஞ்சின் அசையவில்லை. அடுத்த வீட்டு நண்பர் தம் வண்டியை எடுத்து எங்களைக் கொண்டு சேர்த்தார். தாயாரும் நலமடைந்தார். ஆயினும் அந்தச் சில நிமிடங்களை நான் மறக்கவில்லை.

அன்று மாலையே பாட்டரியைக் கழற்றி ஒரு கடைக்கு எடுத்துச் சென்றேன். கடைக்காரர் அதைப் பார்த்த அளவில், “இது போய்விட்டது” என்றார். நானும் மறு வார்த்தையின்றிப் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். ஒன்பதாம் நாள் காலையில் புதிய பாட்டரியும் அதே ‘டக், டக்’ ஒலியை எழுப்பிற்று!

முதிய மெக்கானிக் ஒருவர் வந்தார். வேறொரு வண்டியின் பாட்டரியைக் கொண்டு என் எஞ்சினை ஓடவைத்து, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே வோல்ட்மீட்டரை என் பாட்டரியின் முனைகளில் வைத்தார். முள் 12 வோல்ட்டைத் தாண்டவில்லை. “சார், பாட்டரிக்கு ஒன்றுமில்லை. அதற்குச் சோறு போகவில்லை” என்றார் அவர். ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டு தளர்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. அதை இறுக்கியதும் கோளாறு நீங்கிற்று. “பழைய பாட்டரியைச் சோதித்துப் பார்த்தீர்களா?” என்று அவர் கேட்டார். பல ஆண்டுகள் கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

நோய் இன்னது, அதன் காரணம் இன்னது என்று தெளிந்த பின்னரே மருந்தைப் பற்றி நினைக்க வேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவருக்குக் கூறிய நெறி. அது மோட்டார் வண்டிக்கும் பொருந்தும். இதைப் பற்றியே இன்று மாணவ நண்பர்களுடன் பேச விரும்புகிறேன்.

முதலில், பாட்டரி என்பது யாது என்று பார்ப்போம். அது மின்சாரத்தை நிறைத்து வைக்கும் குடம் அன்று. இரசாயன மாற்றத்தின் வாயிலாக மின்சாரத்தைத் தருவதும், மின்சாரத்தைக் கொடுத்தால் அம்மாற்றத்தைத் திருப்பிக்கொள்வதும் அதன் இயல்பு. 1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு அறிஞர் காஸ்டன் பிளாண்டே இதனைக் கண்டறிந்தார். 1912இல் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் காடிலாக் கார்களில் இடம் பெற்றது. அதற்கு முன் வண்டியின் முன்புறம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறிவதும் உண்டு. அந்தத் தொல்லையை நீக்கியது பாட்டரியே.

பன்னிரண்டு வோல்ட் பாட்டரியினுள் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். அறையினுள் காரீய டை ஆக்ஸைடு பூசிய நேர்த்தகடுகளும், பஞ்சுபோன்ற காரீயம் கொண்ட எதிர்த்தகடுகளும் நீர் கலந்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கின்றன. மின்சாரம் வெளியேறும்போது இருவகைத் தகடுகளிலும் காரீய சல்பேட்டு படிகிறது. அமிலம் குறைந்து நீர் மிகுகிறது. மின்சாரத்தை உட்செலுத்தினால் சல்பேட்டு கரைந்து, அமிலம் மீண்டும் வலிமை பெறுகிறது. ஆகவே, அமிலத்தின் ஒப்படர்த்தியை அளந்தால் பாட்டரியின் நிலை தெரிந்துவிடும். நிறைந்த நிலையில் அது சுமார் 1.26 முதல் 1.28 வரை இருக்கும். பாதி நிலையில் 1.20க்குச் சற்றுக் கீழே. வற்றிய நிலையில் 1.12 அளவுக்கு இறங்கிவிடும்.

இனிச் சோதனைக்கு வருவோம். வண்டி கிளம்பவில்லை என்றால் குற்றம் நான்கு இடங்களில் இருக்கலாம். பாட்டரியே நைந்திருக்கலாம், பாட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குச் செல்லும் பாதை கெட்டிருக்கலாம், பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டர் கடமையில் தவறியிருக்கலாம், அல்லது நாம் உறங்கும்போது ஏதேனும் ஒன்று மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். இந்நான்கில் முதலாவதற்கு மட்டுமே புதிய பாட்டரி மருந்தாகும்.

கண்ணால் பார்ப்பது முதற் சோதனை. முனைகளில் வெண்மையாகவோ பசுமையாகவோ பொடி பூத்திருக்கிறதா? கவ்விகள் கையால் அசைத்தால் அசைகின்றனவா? எஞ்சினுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே செல்லும் பட்டைக் கம்பி இற்றுப்போயிருக்கிறதா? ஸ்டார்ட்டர் சுழலும் கணத்தில் நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டம் பாய்கிறது. சிறிய விளக்குக்குத் தடையாகத் தோன்றாத துரு, இத்தனை பெரிய ஓட்டத்திற்கு அணையாக நின்றுவிடும். கவ்விகளைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் அந்தப் பொடியைக் கழுவித் துடைத்து இறுக்கினால், செத்ததாக எண்ணிய பாட்டரி பல சமயங்களில் உயிர் பெறுவதைக் காணலாம். சோடா நீர் அறைகளுக்குள் புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, விளக்குச் சோதனை. முன்விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு ஒளி குன்றாமல் எரிய, ஸ்டார்ட்டர் மட்டும் அசையாதிருந்தால், பாட்டரியின்மீது பழி சுமத்தக் கூடாது. ஸ்டார்ட்டரையும் அதன் இணைப்புகளையும் ஆராய வேண்டும். விளக்கு மங்கி, ‘டக், டக்’ என்று ஒலி தொடர்ந்தால், பாட்டரி வற்றியிருக்கிறது அல்லது கவ்வியில் தடை இருக்கிறது என்பது பொருள்.

மூன்றாவது, வோல்ட்மீட்டர். வண்டியைச் சில மணி நேரம் ஓய்வாக விட்டுவைத்த பின் அளக்க வேண்டும். 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் இருந்தால் பாட்டரி நிறைந்துள்ளது. 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12க்குக் கீழ் இறங்கினால் வற்றியது. நிறைய மின்னேற்றம் செய்த பின்னும் 10.5 வோல்ட்டையே காட்டினால், ஆறு அறைகளில் ஒன்று அடியோடு கெட்டது என்று கணக்கிட்டுக் கொள்ளலாம், 12.6இல் 2.1 குறைந்தால் எஞ்சுவது அதுதானே!

நான்காவது, எஞ்சின் ஓடும்போது அளப்பது. 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் நன்கு ஊட்டுகிறது. 12 வோல்ட் அளவிலேயே நின்றால், என் வண்டியைப் போல, பாட்டரி பட்டினி கிடக்கிறது. நான் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் அன்று பணமும் மிஞ்சியிருக்கும், நாணமும் மிஞ்சியிருக்கும்.

நான்கிலும் காரணம் புலப்படாவிட்டால் இரகசியக் கசிவைத் தேட வேண்டும். நிறுத்திவைத்த வண்டியிலும் கடிகாரம், கணிப்பொறி முதலியவை சிறிதளவு மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான வண்டிகளில் அது 50 மில்லி ஆம்பியருக்குள் அடங்கும். ஆனால் பின்பெட்டியினுள் 5 வாட் விளக்கு ஒன்று அணையாமல் எரிந்தால், நாளொன்றுக்கு 10 ஆம்பியர்-மணி வீதம் செலவாகும். சிறிய கார்களில் உள்ள 35 ஆம்பியர்-மணி பாட்டரி நான்கு நாட்களுக்குள் வற்றிவிடும். பெட்டி மூடியிருப்பதால் அவ்விளக்கு எரிவதும் நமக்குத் தெரியாது.

வற்றிய பாட்டரி வேறு. நைந்த பாட்டரி வேறு. வற்றியதற்குக் குறைந்த மின்னோட்டத்தில் மெதுவாக மின்னேற்றம் செய்து, ஓர் இரவு ஓய்வு கொடுத்து மீண்டும் அளக்க வேண்டும். பின்னர்க் கடையில் உள்ள சுமைச் சோதனைக் கருவியை இணைத்து, பெரும் மின்னோட்டத்தைப் பதினைந்து விநாடி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்பொழுதும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்காவிட்டால் அது நல்ல பாட்டரி. இறங்கிவிட்டால் அதன் காலம் முடிந்தது என்று துணிந்து கூறலாம். நீண்ட நாள் வற்றிய நிலையில் கிடந்தால் காரீய சல்பேட்டு கெட்டிப் படிகமாகிப் பின்னர் கரைவதில்லை. நமது நாட்டு வெப்பமும் ஒரு பகை. அது நீரை ஆவியாக்குகிறது, தகடுகளின் அரிப்பையும் விரைவாக்குகிறது. திறக்கக்கூடிய பாட்டரியில் நீர்மட்டம் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்று நீரும் ஆகாது, அமிலமும் ஆகாது. மூடிய பாட்டரிகள் சிலவற்றில் பச்சை நிறம் காட்டும் சிறு கண் ஒன்று உண்டு. அது ஓர் அறையின் நிலையை மட்டுமே கூறும். மற்ற ஐந்திற்கும் அது சாட்சி ஆகாது.

மாற்றியே தீர வேண்டும் என்று முடிவானால் முறையறிந்து செய்ய வேண்டும். மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. சிறு பொறியும் அதை வெடிக்கச் செய்யும். ஆகையால் அருகில் தீக்குச்சி கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி அணிவது நலம். அமிலம் மேலே பட்டால் உடனே நிறைய நீரால் நெடுநேரம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவியபின் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். முதலில் எதிர்முனையையும், அதன்பின் நேர்முனையையும் கழற்றுங்கள். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. எதிர்முனை வண்டியின் உடலோடு இணைந்துள்ளது. அது இணைந்திருக்கையில் நேர்முனையைக் கழற்றும் ஸ்பானர் உடலின்மீது பட்டுவிட்டால், அந்த ஸ்பானர் வழியே பெரும் மின்னோட்டம் பாய்ந்து, இரும்பும் பழுக்கும், பொறியும் தெறிக்கும். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் நேர்முனையே உடலோடு இணைந்திருந்தது. அவற்றில் வரிசையும் மாறும். உடலோடு இணைந்ததை முதலில் கழற்றி, கடைசியில் பூட்டுக என்பதே விதி.

புதிய பாட்டரி அளவிலும், ஆம்பியர்-மணியிலும், முனைகள் அமைந்த பக்கத்திலும் பழையதை ஒத்திருக்க வேண்டும். உற்பத்தியான மாதத்தையும் பார்த்து வாங்குங்கள். கடையில் நெடுநாள் கிடந்ததும் முதுமையடைந்ததே. சிக்னலில் எஞ்சினைத் தானே நிறுத்தித் தானே இயக்கும் வண்டிகளுக்கு அவற்றுக்கென அமைந்த பாட்டரியே வேண்டும். தட்டில் வைத்து அசையாமல் இறுக்கி, நேர்முனையை முதலிலும் எதிர்முனையைக் கடைசியிலும் பூட்டி, வாஸ்லினைச் சிறிது தடவுங்கள். முனைகளை மாற்றி இணைத்தால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் நொடியில் எரிந்துபோகும். பொருத்திய பின் எஞ்சினை ஓட்டி, நான்காவது சோதனையை மறவாமல் செய்யுங்கள்.

பழைய பாட்டரியை என் செய்வது? அதிலுள்ள காரீயம் நஞ்சு. குழந்தைகளின் மூளையையும் நரம்புகளையும் அது பாதிக்கும். ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுத் தலைநகரான டக்காரின் புறப்பகுதியில், பழைய பாட்டரிகளை உடைத்துக் காரீயம் எடுத்துவந்த இடத்தில், 2007 நவம்பர் முதல் 2008 மார்ச்சு வரை 18 குழந்தைகள் மாண்டனர். அந்த மண்ணில் கலந்திருந்த காரீயமே காரணம் எனக் கண்டார்கள். இந்தியாவில் 2001ஆம் ஆண்டின் விதிகள் பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் கடமையை வகுத்தன. 2022ஆம் ஆண்டின் விதிகள் அப்பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தின. ஆகவே, கூடுதலாக நூறு ரூபாய் தருகிறார் என்று தெருவில் உடைப்பவரிடம் கொடுக்காமல், முறையாகத் திரும்பப் பெறும் கடையிலேயே கொடுக்க வேண்டும்.

சோதிக்காமல் ஒரு பாட்டரியைத் தள்ளிவிடும்போது நாம் பணத்தை மட்டும் இழப்பதில்லை. உழைக்கக்கூடிய பத்துக் கிலோ பாரத்தை, நஞ்சாக மாறக்கூடிய பொருளாக உலகத்தில் இறக்கிவிடுகிறோம். உண்மையான காரணமும் வண்டியிலேயே தங்கி, இன்னொரு விடியற்காலையில் நம்மைக் கைவிடக் காத்திருக்கிறது. இப்பொழுதெல்லாம் என் காரில் ஒரு சிறிய வோல்ட்மீட்டர் எப்போதும் இருக்கிறது. மாதம் ஒரு முறை, எஞ்சின் ஓய்ந்திருக்கையிலும் ஓடுகையிலும் அளந்து குறித்துவைக்கிறேன். இரண்டு நிமிட வேலைதான். கல்லூரியில் கற்ற ஓம் விதியும் இரசாயனச் சமன்பாடும் தேர்வுக்கு மட்டும் உரியன அல்ல என்பதை உங்கள் வீட்டு வண்டியிலேயே நீங்கள் சோதித்துப் பார்க்கலாம்.