குயிலும் அதன் வளர்ப்புத் தாயரும்

வன்னி நிலத்தில் இளவேனில் வந்துற்றதைக் குயிலின் குரலே அறிவிக்கின்றது. வவுனியா தொடக்கம் முல்லைத்தீவு வரை, குளக்கட்டு மருதிலும் வளவு வேம்பிலும் அக்குரல் கேளாத ஊர் அரிது. புலவர் பெண்ணின் குரலெனப் போற்றிய அவ்விசை உண்மையில் ஆணுக்கே உரியது. கருநிறமுடையது ஆண், பெண்ணோ கபில நிறத்தில் வெண்புள்ளிகள் உடையது. இக்குயில் கூடு கட்டுவதில்லை. காகத்தின் கூட்டிலோ அண்டங்காகத்தின் கூட்டிலோ முட்டையிட்டு அகலும். வடமொழியாளர் இதனைப் ‘பரபிருதம்’, அஃதாவது பிறரால் வளர்க்கப்பட்டது, என்றனர்.

குயிற்குஞ்சு காக முட்டைகளை வெளியே தள்ளிவிடும் எனப் பலர் எழுதுவர். இஃது ஆங்கிலப் பாடநூல்வழி வந்த மயக்கமாதல் வேண்டும். அச்செயல் ஐரோப்பியக் குக்கூப் பறவையின் குஞ்சுக்கு உரியது. 1788 இல் அதனை ஆராய்ந்து எழுதியவர், பின்னர் அம்மைப்பால் குத்தும் முறையாற் புகழ்பெற்ற எட்வேட் யென்னர். கண் திறவாத, சிறகு முளையாத அக்குஞ்சு, முதுகிலுள்ள குழியில் முட்டையை ஏந்திப் பின்புறமாக நகர்ந்து கூட்டின் விளிம்பேறி வீழ்த்தும். நம் குயிற்குஞ்சு பொதுவாக அவ்வாறு செய்வதில்லை. அதன் வலிமை காலத்தில் உள்ளது. ஏறத்தாழ 12 முதல் 14 நாளில் அது பொரித்துவிடும். காகக் குஞ்சு வெளிவரப் 16 நாளுக்குக் குறையாது செல்லும். முன்வந்தது இரையையும் முந்திப் பெறும். பின்வந்தவற்றுட் சில பசியால் மடியும். சில குயிலுடன் கூடவே வளர்ந்து பறத்தலும் உண்டு.

இனி, காகத்தை அறிவிலி என்று நகைப்பதும் பொருந்தாது. குயிலின் முட்டை சிறிதேயெனினும், பசுமை சார்ந்த நிறத்தாலும் கபிலப் புள்ளிகளாலும் காக முட்டையை ஒத்தது. இளங்குயிலும் கருமையாகவே தோன்றும். ஐயுற்ற முட்டையை எறியப் புகும் பறவை தன் முட்டையையே எறிந்துவிடவுங் கூடும். அவ்விழப்பை நோக்க, ஏற்று வளர்த்தல் சிறு நட்டமாகலாம் என்பது அறிவியலார் கூறும் ஓர் அமைதி.

சுடலைக்குயில் என்னும் கொண்டையுடைய பிறிதோர் இனம் புலுனியை நாடும். கூட்டமாய்த் திரிந்து ஓயாது கலகலக்கும் புலுனியின் முட்டை நீலநிறம். சுடலைக்குயிலின் முட்டையும் நீலமே. புலுனிக் கூட்டத்தில் பெற்றோரேயன்றிப் பிறவும் குஞ்சுக்கு இரை கொணர்தலின், வந்தேறிய குஞ்சுக்கு வளர்ப்புத் தாயர் பலராவர்.

குயிலுக்குத் தாயன்பு அறவே இல்லை என்பாரும் உளர். ஆயினும், காகக் கூட்டில் வளர்ந்த குஞ்சுக்குப் பெண்குயில் இரையூட்டியதைக் கண்டு எழுதிவைத்த பறவையியலாரும் உண்டு.