அடி வாங்கிக் கற்ற இரு அணிகள்

2025 ஜூலையில், ஜமைக்காவின் சபீனா பார்க் மைதானத்தில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மேற்கிந்தியத் தீவுகள் அணி 27 ரன்னுக்குச் சுருண்டது. நூறாவது டெஸ்ட் ஆடிய மிட்செல் ஸ்டார்க், தான் வீசிய முதல் 15 பந்துகளிலேயே ஐந்து விக்கெட்டை எடுத்துவிட்டார். டெஸ்ட் வரலாற்றில் இதைவிடக் குறைந்த ஸ்கோர் ஒன்றே ஒன்றுதான் உண்டு: நியூசிலாந்தின் 26. தொடர் 3-0 என முடிந்தது. இந்த இரு அணிகளும் மோதும் பிராங்க் வொரெல் கோப்பை 1995இல் ஆஸ்திரேலியாவுக்குப் போனது, இன்னும் திரும்பவில்லை. முப்பது ஆண்டாக ஒரே வீட்டில் இருக்கும் கோப்பைக்கு என்ன போட்டி என்று இன்றைய ரசிகர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். பதில் சொல்ல 1960க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு வரை மேற்கிந்திய அணியின் தலைமை பெரும்பாலும் வெள்ளையர் கையில்தான் இருந்தது. ஆடுபவர்களில் பெரும்பான்மையினர் கறுப்பர்கள். கேப்டன் மட்டும் வெள்ளையர். இதை எதிர்த்து டிரினிடாடில் ‘நேஷன்’ இதழில் சி.எல்.ஆர். ஜேம்ஸ் ஓயாமல் எழுதினார். அதன் பிறகே பிராங்க் வொரெல் தலைமைக்கு வந்தார். ஒரு முழுத் தொடருக்கு நியமிக்கப்பட்ட முதல் கறுப்பினக் கேப்டன் அவர். போன இடமோ, வெள்ளையர் அல்லாதவர் குடியேற முடியாதபடி சட்டம் வைத்திருந்த ஆஸ்திரேலியா.

பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட். கடைசி நாளில் ஆஸ்திரேலியாவுக்கு இலக்கு 233. ஆறு விக்கெட்டுக்கு 92 என்று தத்தளித்த அணியை டேவிட்சனும் பெனோவும் 226 வரை இழுத்து வந்தார்கள். அங்கே ஜோ சாலமன் எறிந்த பந்து ஸ்டம்பைத் தாக்கியது. டேவிட்சன் ரன் அவுட். கடைசி ஓவரில் தேவை ஆறு ரன், கையில் மூன்று விக்கெட். ஆஸ்திரேலியாவில் அப்போது ஓவருக்கு எட்டுப் பந்து. வெஸ் ஹால் வீசினார். பெனோ கேட்ச் கொடுத்தார். ஸ்கோர் சமமான நிலையில், எல்லைக்கோட்டருகே இருந்து ஹன்ட் எறிந்த பந்தில் கிரவுட் ரன் அவுட். ஏழாவது பந்தில் ஒரே ஒரு ரன் வேண்டும். ஓடினார்கள். மறுபடியும் சாலமன், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அவர் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு ஸ்டம்ப்தான். அதையே அடித்தார். மெக்கிஃப் ரன் அவுட். டெஸ்ட் வரலாற்றின் முதல் ‘டை’.

இரண்டாவது ‘டை’ நம் சேப்பாக்கத்தில், 1986இல், இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே. பிரிஸ்பேனில் ஆடிய பாப் சிம்ப்சன், சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியப் பயிற்சியாளராக உட்கார்ந்திருந்தார். மூன்றாவது இன்னும் நடக்கவில்லை.

பிரிஸ்பேனில் ‘டை’யோடு தொடங்கிய அந்தத் தொடரை ஆஸ்திரேலியா 2-1 என வென்றது. ஆனாலும் விடைபெறும் நாளில், தோற்ற அணியை வழியனுப்ப மெல்போர்ன் வீதிகளில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். ‘டை’ ஆன ஆட்டத்தின் பந்தையே வைத்துக் கோப்பையைச் செய்தவர் எர்னி மெக்கார்மிக், நகை வேலை செய்யும் முன்னாள் டெஸ்ட் பந்துவீச்சாளர். வொரெல் 1967இல், 42 வயதில், ரத்தப் புற்றுநோயால் இறந்தார்.

இந்த நட்புக் கதையோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிந்தைய கசப்பான பகுதிதான் முக்கியமாகப் படுகிறது. 1975-76இல் கிளைவ் லாயிடின் இளம் மேற்கிந்திய அணி ஆஸ்திரேலியாவில் லில்லி, தாம்சன் வேகத்தின் முன் 5-1 என நொறுங்கியது. திரும்பியதும், போர்ட் ஆஃப் ஸ்பெயினில் மூன்று சுழற்பந்து வீச்சாளர்களோடு இறங்கி, இந்தியா 403 ரன் இலக்கை எட்டுவதையும் பார்த்தது. லாயிட் முடிவுக்கு வந்தார்: இனி வேகம், அதுவும் நான்கு முனைகளில். ராபர்ட்ஸ், ஹோல்டிங், கார்னர், கிராஃப்ட், பிறகு மார்ஷல். அந்த ஆயுதத்தின் மாதிரி லில்லி, தாம்சனிடம் வாங்கிய அடியில்தான் கிடைத்தது. 1984இல் தொடர்ந்து 11 டெஸ்ட் வெற்றி. அந்த ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலியக் கேப்டன் கிம் ஹியூஸ் கண்ணீரோடு பதவி விலகினார்.

ஆஸ்திரேலியாவின் அந்த இருண்ட ஆண்டுகளில் அடிபட்டு வளர்ந்தவர்களில் ஒருவர் ஸ்டீவ் வா. 1993இல் அடிலெய்டில் ஒரே ஒரு ரன்னில் தோற்றதையும், அடுத்துப் பெர்த்தில் மேற்கிந்திய அணியின் ஆம்புரோஸ் 32 பந்தில் ஒரு ரன் கொடுத்து ஏழு விக்கெட் வீழ்த்தியதையும் அவர் களத்தில் நின்று அனுபவித்தவர். 1995இல் மார்க் டெய்லர் அணி கரீபியன் போனபோது பாடம் திருப்பிப் படிக்கப்பட்டது: மேற்கிந்தியப் பின்வரிசை வீரர்களுக்கும் தயவு பார்க்காமல் பவுன்சர் போடுவது, பதிலுக்கு வருவதை உடம்பில் வாங்கிக்கொண்டு நிற்பது. ஜமைக்காவில் உடம்பெல்லாம் கன்றிப்போக ஸ்டீவ் 200 அடித்தார். தம்பி மார்க் 126. 1980க்குப் பிறகு ஒரு தொடரையும் இழக்காத அணி சொந்த மண்ணில் 2-1 எனத் தோற்றது.

அதன் பின் ஆட்டம் சாய்ந்தே இருக்கிறது. 1999இல் பிரையன் லாரா மேற்கிந்திய அணியைத் தனியாளாகத் தூக்கிப் பிடித்துத் தொடரை 2-2 ஆக்கினார். அடுத்த முறை ஆஸ்திரேலியா 5-0. ஆனால் இந்தச் சாய்வை ஆட்டத் திறமை ஒன்றை மட்டும் வைத்து விளக்க முடியாது. மேற்கிந்தியத் தீவுகள் என்பது ஒரு நாடு அல்ல. பல சிறு நாடுகளும் பிரதேசங்களும் சேர்ந்து நடத்தும் அணி. பெரிய ஒளிபரப்புச் சந்தை இல்லை, வாரியத்திடம் பணம் இல்லை. டெஸ்ட் சம்பளத்தைவிட டி20 லீக்குகள் பல மடங்கு தருகின்றன. ஐந்து டெஸ்டாக இருந்த தொடர் இரண்டு, மூன்றாகச் சுருங்கிவிட்டது. அடி வாங்கிய அணி பாடம் படித்துத் திரும்பி வர, இடையில் ஆட்டங்கள் வேண்டாமா?

2024 ஜனவரியில் பிரிஸ்பேனில் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கயானாவில் படகில் மட்டுமே போகக்கூடிய பாராகாரா கிராமத்திலிருந்து வந்தவர் ஷமார் ஜோசப். முன்பு காவலாளி வேலை பார்த்தவர். ஸ்டார்க்கின் யார்க்கர் கால்விரலைப் பதம்பார்க்க, வலியோடு மறுநாள் பந்து வீசி 68 ரன்னுக்கு ஏழு விக்கெட் எடுத்தார். 216 ரன் துரத்திய ஆஸ்திரேலியா எட்டு ரன்னில் தோற்றது. 27 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மண்ணில் ஒரு டெஸ்ட் வெற்றி. வர்ணனை அறையில் லாரா அழுதார். அந்தத் தொடருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது மொத்தம் இரண்டே டெஸ்ட் என்பதால், 1-1 என்ற நிலையில் எல்லாரும் மூட்டை கட்டினார்கள். சில வாரங்களில் லக்னோ ஐபிஎல் அணி ஷமாரை 3 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தது.