உங்களுக்குத் தெரியுமா? கடலுக்கு முதுகு காட்டினால் வால்நட்சத்திரம்!

● மரக்காணம் உப்பளத்தில் நின்று அந்தி வால்நட்சத்திரத்தைத் தேடுகிறவர் கடலைப் பார்த்துப் பயனில்லை. கடல் கிழக்கே, அதுவோ சூரியன் இறங்கிய மேற்கே. பெருமுக்கல் மலை இருக்கும் பக்கம்! அந்த மலைக் குகையில் பழங்காலப் பாறைக் கீறல்கள் உண்டு. அதில் ஒன்றைக் காட்டி 'இதுதான் வால்நட்சத்திரம்' என்று யாராவது சொன்னால், சிரித்துவிட்டு நகருங்கள்.

● கண் இமைப்பதற்குள் பாய்ந்து மறைவது எரிநட்சத்திரம். வால்நட்சத்திரம் பாயாது. விண்மீன்களோடு சேர்ந்து மெல்ல அடிவானத்தில் இறங்கும். வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறம் நீள்வதால், மாலையில் விளக்குமாற்றைத் தலைகீழாக நட்டு வைத்ததுபோல் தெரியும்: பிடி கீழே, ஈர்க்கு மேலே.

● வால்நட்சத்திரத்துக்குச் சிலப்பதிகாரத்தில் உள்ள பெயர் புகைக்கொடி.

● 1872 நவம்பர் 27 இரவு ஐரோப்பிய வானில் எரிநட்சத்திர மழை. இரண்டாக உடைந்து, 1852-க்குப் பின் காணாமல் போன பியலா வால்நட்சத்திரத்தின் தூசுதான் அது என்று ஜெர்மானிய வானியலாளர் கிளிங்கர்ஃப்யூஸ் கணித்தார். ஐரோப்பாவிலிருந்து அந்த வால்நட்சத்திரம் தெரியாது. தெற்கே யாராவது பார்க்க வேண்டும். சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் இருந்த போக்சனுக்குத் தந்தி பறந்தது: பியலா பூமியைத் தொட்டுவிட்டது, தேடு! போக்சன் தேடினார். டிசம்பர் தொடக்கத்தில் ஒரு வால்நட்சத்திரம் சிக்கவும் சிக்கியது. இரண்டே விடியற்காலைகள், பிறகு மேகம் மூடிக்கொண்டது. அது பியலா இல்லை என்று பின்னால் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அப்படியானால் எது? இன்றுவரை விடையில்லை.

● 2024-லும் மேகம்தான் வில்லன். சுச்சின்ஷான்-அட்லாஸ் வால்நட்சத்திரம் அக்டோபர் 12-இல் பூமியிலிருந்து சுமார் 7 கோடி கி.மீ. தொலைவுக்கு வந்து, மாலை வானுக்கு மாறியது. அக்டோபர் 15-இல் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது! உப்பளத்துக்கு ஆகாத மாதம் வால்நட்சத்திரத்துக்கும் ஆகாது.

● உப்பிலுள்ள சோடியம் வால்நட்சத்திரத்திலும் உண்டு. 1997-இல் ஹேல்-பாப் வால்நட்சத்திரத்துக்கு வாயு வால், தூசு வால் போக, சோடியம் அணுக்களாலான மூன்றாவது வால் ஒன்றையும் கண்டார்கள். நீளம் சுமார் 5 கோடி கி.மீ.

● சென்னையில் பிறந்த வைணு பாப்பு, 1949-இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். பாப்பு-பாக்-நியூகர்க் என்று பெயர். காவலூரில் உள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியும் அவர் பெயரில்தான்.

● வால்நட்சத்திரம் பார்க்கப் பைனாகுலர் போதும். ஆனால் சூரியன் முழுக்க மறையும்வரை அதைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள்.