குறுஞ்செய்தியும் தேகப் பயிற்சியும்

வாலிபர்களின் தேக பலமே ஒரு தேசத்தின் முதற்செல்வம் என்பதை மறுப்பார் எவருமில்லை. ஆயினும் அச்செல்வம் நம் கண்ணெதிரே கரைந்து வருவதை நம்மில் எத்தனை பேர் கவனிக்கின்றோம்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆராய்ச்சி, நமது தேசத்தில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென்று கணக்கிட்டது. உலகச் சுகாதார ஸ்தாபனத்தார் 2024-ல் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் வயது வந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். போதியதென்று அவர்கள் கேட்பதோ மிகுதியன்று. வாரத்திற்கு 150 நிமிஷம் விரைந்து நடத்தல், அல்லது அதற்கு ஈடான உழைப்பு, அவ்வளவே.

வாலிபனை உட்கார்த்தி வைத்த பொருள்களில் முதன்மையானது அவன் கையிலிருக்கும் செல்பேசி. அதைக் கொண்டே அவனை எழுப்பலாகாதா என்று அறிஞர் பலர் ஆராய்ந்து வருகின்றனர். இதில் நமது நாடு பிறருக்குப் பின்தங்கவில்லை என்பதைப் பெருமையுடன் கூறலாம். சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த பரிசோதனையொன்று 2013-ல் வெளியாயிற்று. நீரிழிவு வரக்கூடிய நிலையிலிருந்த, 35 முதல் 55 வயது வரையுள்ள 537 உத்தியோக ஆடவர்கள் இரு பிரிவாக்கப்பட்டனர். இரு சாராருக்கும் தொடக்கத்தில் ஒரே புத்திமதி கூறப்பட்டது. ஒரு சாராருக்கு மட்டும் உணவையும் நடையையும் நினைவூட்டும் குறுஞ்செய்திகள் தொடர்ந்து அனுப்பப்பட்டன. இரண்டு ஆண்டு முடிவில், செய்தி பெறாதவர்களில் 27 சதவீதத்தினருக்கு நீரிழிவு கண்டது. பெற்றவர்களிலோ 18 சதவீதத்தினருக்கே கண்டது. சில காசு செலவில் இத்தகைய பலன் கிட்டுமாயின் அதை அற்பமென்று யார் தள்ளுவர்?

எனினும் உண்மையை முழுதும் சொல்லுதல் நம் கடமை. அப்பரிசோதனையில் செய்தி பெற்றவர்கள் திருந்தியது முக்கியமாக உணவு விஷயத்திலேதான். உடலுழைப்பில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வாயைக் கட்டச் சொன்னால் கேட்ட மனிதன், காலை எடுத்து வைக்கச் சொன்னால் கேட்கவில்லை! ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில் 710 இருதய நோயாளிகளிடையே நடந்து 2015-ல் வெளியான பரிசோதனையில், வாரம் நான்கு செய்தி பெற்றவர்கள் ஆறு மாத முடிவில் மற்றவரைவிட மிகுதியாக உடலை இயக்கினர். ஆனால் அவர்கள் நோயின் அச்சத்தை நேரில் அனுபவித்தவர்கள். அமெரிக்காவில் 44 பேரிடம் ஆறு வாரம் நடந்து 2019-ல் வெளியான சோதனையோ வேறொரு பாடம் புகட்டுகிறது. நடக்கத் தூண்டும் அறிவிப்பு செல்பேசியில் தோன்றியவுடன் முதல் நாட்களில் அவர்கள் மிகுதியாக நடந்தனர். நாள் செல்லச் செல்ல அந்த ஊக்கம் குன்றிப் போயிற்று. தினந்தோறும் ஒலிக்கும் மணி காதுக்குப் பழகி விடுவது போலத்தான் இதுவும்.

ஆகவே செய்தியின் தரமே பிரதானம். ஆளறியாது, வேளையறியாது, ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்ப அனுப்புவதில் பிரயோஜனமில்லை. அது தாய்மொழியில் இருத்தலும் அவசியம். இங்கே ஓர் இடையூறு உண்டு. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலமாயின் 160 எழுத்துக்கள் அடங்கும். தமிழாயின் 70 குறியீடுகளே அடங்கும். ‘கி’ என்னும் ஓரெழுத்தும் அதில் இரண்டாக எண்ணப்படும். ஆகையால் ஒரே விஷயத்தைத் தமிழில் சொல்ல இரண்டு மூன்று செய்திகளின் செலவு ஏற்படுகிறது. இதைக் காரணமாகக் காட்டி ஆங்கிலத்தில் அனுப்புவது, விளங்காத மொழியில் மருந்துச் சீட்டு நீட்டுவதற்கு ஒப்பாகும். ஏழு சீரில் அறம் உரைத்த மொழிக்கு 70 குறியீடு போதாதென்று நாம் ஒப்ப மாட்டோம்.

இனி, கள்ளக்குறிச்சி ஜில்லாவில் கல்வராயன் மலைமேலுள்ள கரியாலூரை நினைப்போம். மரவள்ளியும் சாமையும் விளையும் சரிவுகளில் ஏறியிறங்கி உழைக்கும் மலையாளிப் பழங்குடி வாலிபனுக்கு, நடக்கும்படி எவரும் செய்தி அனுப்ப வேண்டியதில்லை. ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் நெடுங்காலம் கிடந்து, 1976-ல்தான் அம்மலை சர்க்காரின் நேர் நிர்வாகத்துக்கு வந்தது. அங்குள்ள குக்கிராமங்கள் பலவற்றில் செல்பேசித் தொடர்பு சரிவரக் கிட்டாதது நெடுநாட் குறை. இதன் விபரீதத்தைக் காண்மின்! நடப்பவனுக்குச் செய்தி எட்டுவதில்லை. செய்தி எட்டுகிறவன் நடப்பதில்லை. அதே மலை வாலிபன் பிழைப்பை நாடிச் சமவெளி நகரத்துக்கு இறங்கி, நாள் முழுதும் ஓரிடத்தில் அமர்ந்து வேலை செய்யப் புகுந்தால், அவன் கால்களின் பழக்கம் சில ஆண்டுகளில் மறைந்து விடும். அவனுக்கு அறிவு குறையவில்லை. நடப்பதற்குரிய நேரமும் இடமுமே குறைந்தன.

குறுஞ்செய்தி நினைவூட்டும், ஆனால் அது பாதை போடாது, மைதானம் அமைக்காது, வேலை நேரத்தைக் குறைக்காது. 2023 நவம்பரில் தமிழக சர்க்கார் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற பெயரில், ஜில்லாதோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல தொடக்கமே, ஆயினும் ஜில்லாவுக்கு ஒரு பாதை போதுமா? ஊருக்கொரு மைதானம், வீதிக்கொரு நடைபாதை, மலையூருக்கு முதலில் தகவல் தொடர்பு. இவற்றை நாம் வற்புறுத்திக் கேட்க வேண்டும்.

சர்க்காருக்காகக் காத்திராமல் நம் வாலிபர் சங்கங்கள் செய்யக் கூடியதும் உண்டு. இயந்திரம் அனுப்பும் நூறு செய்திகளைவிட, ‘வாசலில் நிற்கிறேன், வா’ என்று தோழன் அனுப்பும் ஒரு வரிக்கு வலிமை அதிகம். பத்துப் பேர் கூடி ஒருவரையொருவர் எழுப்பி நடக்கத் தொடங்குவார்களாயின் அதற்குச் சட்டமும் வேண்டாம், பணமும் வேண்டாம். தேச சேவை பேசும் நண்பர்கள் இந்தச் சிறு சேவையை நாளைக் காலையிலேயே ஆரம்பிப்பார்களாக!